பலவர்ணத் தோணி

பலவர்ணம் என்றால் பல நிறம் கொண்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் அது வசைச்சொல். ஆளுக்கேற்றபடி பேச்சை மாற்றுகிறவனைக் கண்டால், "ஆள் பலவர்ணம், கவனம்" என்பாள் மாமி. மிஞ்சிய கறிகளை ஒரே சட்டியில் கொட்டிச் சூடாக்கினால் அதுவும் பலவர்ணம்தான். தின்னலாம், விருந்தாளிக்கு வைக்கக் கூடாது.

அப்படிப்பட்ட சொல்லை மாமா தன் தோணிக்குப் பூசினார்.

அது சண்டைக்காலம். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் அரசாங்க ஆமி, மேற்கே படுவான்கரையில் இயக்கம். நடுவில் ஆள் ஏற்றி இறக்குவது மாமாவின் பிழைப்பு. எவன் எப்போது சுடுவானோ என்ற பயத்தில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய காவி, பள்ளிக்கூடக் கேற்றின் நீலம், ஓட்டமாவடி முஸ்லிம் வியாபாரி கொடுத்த பச்சை, எல்லாவற்றையும் பட்டை பட்டையாக இழுத்துவிட்டார்.

"புள்ள, இப்பிடி ஒரு தோணியில எவன் சண்டைக்குப் போவான்? ரெண்டு பக்கமும் சுடமாட்டானுகள்," என்றார் மாமியிடம்.

சுடவில்லை. அதுவரைக்கும் சரி. ஆனால் வாவியில் மற்றத் தோணிகளெல்லாம் தார் பூசிய கறுப்பு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. மாமாவின் தோணியை மட்டும் குருடனும் கண்டுபிடிப்பான். "அந்தக் கலர் தோணிக்காரன வரச் சொல்லு" என்று ஆமி கூப்பிட்டு, அக்கரையில் என்ன கண்டாய் என்று கேட்கும். அக்கரையில் இறங்கினால் இயக்கம் இக்கரையைப் பற்றிக் கேட்கும். ஒருநாள் தாடை வீங்கி வந்தார். எந்தக் கரையில் அடி வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மாமி தார் வாளியைத் தூக்கினாள். "நான் தாலியறுக்க ஏலாது. தோணி அறுக்கட்டும்," என்று காவியிலிருந்து பச்சைவரை பூசி மூடினாள்.

அடுத்த நாள் நாங்கள் மூவரும் துறையில் நின்றோம். காவலுக்கு நின்ற சிங்கள ஆமிக்காரன் கறுத்த தோணியைப் பார்த்தான்.

"அந்த வடிவு தோணி எங்க?"

"செத்துப் போச்சு, மாத்தயா," என்றாள் மாமி.

"ஐயோ, பாவம்!" என்று அவன் உச்சுக் கொட்டினான். முகம் நிசமாகவே வாடிவிட்டது.

எங்கள் துறையில் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். அந்த வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். பக்கத்தில் வீங்கிய தாடையோடு நின்ற மாமாவை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.