படகுக்காரன் வீட்டில் ஒரு யோனா

யுத்தம் முடிந்த மறு வருஷம் ராயபுரத்தில் எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். எங்கள் சபை வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர். என் தகப்பனார் பேரை அண்ணன் மகனுக்கு வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது மாமனார் பேர். அது யோனா.

நானோ துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகில் போய்வருகிறவன். யோனா ஏறிய கப்பலில் புயல் வந்ததும், கப்பல்காரர்கள் அவரைத் தூக்கிக் கடலில் போட்டதும், மீன் விழுங்கியதும் வேதத்தில் இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன்தான் நான். பயப்பட அந்தப் படிப்பு போதும். நாளைக்கு இவனும் துறைமுகத்துக்குத்தான் வருவான். பேரைக் கேட்டால் எவன் படகில் ஏற்றுவான்?

கோயில் உபதேசியாரிடம் போனேன். "எபிரேய பாஷையில் யோனா என்றால் புறா. சாந்தமான பேர்" என்றார். எங்கள் தெருவில் புறாவை மிளகு போட்டு வறுப்பார்கள். வேறு பேர் கேட்டேன். யாக்கோபு? குதிகாலைப் பிடித்தவன், அண்ணனை ஏமாற்றியவன். ஈசாக்கு? சிரிப்பு என்று அர்த்தமாம். என் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கவா? மோசே என்றார், தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவன். எடுப்பதற்கு முதலில் தண்ணீரில் கிடக்க வேண்டுமே என்றேன். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டார்.

மாமனார் இறந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. "எங்க நைனா பேருக்கு இன்னாயா கொறச்சலு? கட்டில்ல படுத்துகினுதான செத்தாரு, கடல்லயா செத்தாரு?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கெயம ஞானஸ்நானம் குடுக்கற ஐயருகிட்ட வேற பேரு சொன்னே, புள்ளைய தூக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்." அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

சனிக்கிழமை படகில் எல்லாவற்றையும் தண்டலிடம் கொட்டினேன். படகை நடத்துகிற முஸ்லிம் பெரியவர் அவர். எங்கள் எல்லோருக்கும் 'பாய்'. சுக்கானை விடாமல் கேட்டுவிட்டு, "எம் பேரு இன்னான்னு தெர்யுமா ஒனக்கு?" என்றார்.

வருஷக்கணக்காக உயிரை ஒப்படைத்திருந்த மனிதரிடம் பேர் கேட்கத் தோன்றியதில்லை.

"யூனுஸ். உங்க யோனாதான் எங்க யூனுஸ் நபி. மீன் வயித்துக்குள்ளயே சாவாத ஆளு பேருடா அது! இதுக்குப் போயி பேஜாராவுறியே."

ஞாயிற்றுக்கிழமை யோனா என்றே ஞானஸ்நானம் ஆயிற்று. அப்போதுதான் மனைவி அழுதாள், சந்தோஷமாக. பிள்ளையைப் பற்றிய பயம் எனக்கும் அத்தோடு விட்டது.

திங்கட்கிழமை படகில் ஏறக் காலை வைத்தபோதுதான் பாயின் பேர் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து, நீச்சல் நன்றாகத் தெரிந்தவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.