ஜெயபாலன் சாரின் பால் கதை

ஜெயபாலன் சாரை எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும். ஈப்போ நகரில் ஒரே டியூஷன் நிலையத்தில் அவர் வேதியியல், நான் கணிதம். வாசல் பேனரில் அவர் பெயர் 'பழனியப்பன் மகன் ஜெயபாலன்' என்றே இருக்கும். நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் இருமினால்கூட எனக்குக் கேட்கும். நல்ல மனிதர். ஆனால் அவருடைய அந்தப் பால் கதை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் சமன்பாட்டைச் சமப்படுத்தத் தொடங்கும்போது எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். H₂ + O₂ → H₂O. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. உடனே H₂O-வின் வாலில் சின்னதாக ஒரு 2 போட்டு H₂O₂ ஆக்கிவிட்டு, "சரியாயிருச்சு சார்!" என்பார்கள். எண்ணிக்கை சரிதான், பொருள்தான் மாறிவிட்டது. அது தண்ணீர் இல்லை, முடியை வெளுக்க வைக்கும் பெராக்சைடு.

அப்போதுதான் சார் கதையை எடுப்பார். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒருவன், எடைக்குத்தான் கூலி என்பதால், எடையைக் கூட்ட ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றினான். பால் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி, பாலின் அடர்த்தியைக் காட்டும் மானியை வாளியில் மிதக்கவிட்டுக் கையும் களவுமாகப் பிடித்தார். காலி வாளியைத் தலையில் கவிழ்த்து, எல்லாரும் பார்க்க அவனை நிற்கவைத்தார். சார் குப்பைத் தொட்டியைத் தலையில் கவிழ்த்து நடித்தே காட்டுவார். "பத்தலன்னா இன்னொரு வாளி பால் கொண்டா. பாலுக்குள்ள கைய வைக்காத!" என்று சொல்லி, முன்னால் பெரிய 2 போட்டு 2H₂ + O₂ → 2H₂O என்று முடிப்பார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு யாரும் அந்தத் தப்பைச் செய்வதில்லை.

அந்த ஆள் சாரின் அப்பா. மழையில் பாதி நாள் பால்வெட்டு இல்லாத ஒரு மாதத்தில், மகன் பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்க ஊற்றிய தண்ணீர் அது. ஏழு வயதில் கூட்டத்தோடு நின்று பார்த்த மகன்தான் இவர். என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார். மறைக்கிறவர் அதை ஏன் கதையாக்க வேண்டும் என்று கேட்டேன். விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

போன மாதம் அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு நேரே வகுப்புக்கு வந்தார். பெரியவர் பழனியப்பன் கறுப்புக் கண்ணாடியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பலகையில் H₂O வந்ததும் சாந்தினி என்ற மாணவி, "சார், அந்தப் பால் கதை சொல்லுங்க லா! எங்க அக்கா சொன்னாங்க, சிரிச்சே செத்துருவோமாம்" என்றாள். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நேரமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று மனிதருக்குப் பயம். சொன்னார். குப்பைத் தொட்டியையும் கவிழ்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிள்ளைகளின் சிரிப்பு அடங்கிய பிறகும் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவர்தான்.

வீடு திரும்பும்போது காரில் நடந்ததை மறுநாள் சாரே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். மன்னிப்புக் கேட்க நினைத்தாராம். அப்பாதான் முதலில் பேசியிருக்கிறார்.

"நல்லா சொல்லிக் குடுக்குற பாலா. எனக்கே வெளங்கிருச்சு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "ஒண்ணு மட்டும் செய்யி. வாசல் பேனர்ல உன் பேரோட என் பேரையும் சேத்துப் போட்டுருக்க. அத எடுத்துரு. நம்ம தோட்டத்து ஆளுங்க யாராச்சும் பிள்ளைங்கள சேக்க வந்தா, கதையில வர்றது யாருன்னு கண்டுபுடிச்சிருவாங்க. உனக்குல்ல வெக்கம்."