உப்பில்லாத சோற்றுக்கு இலை போடச் சொன்ன டாக்டரம்மா

உத்திரமேரூர் பஸ் மாகறலில் நின்றதும் கண்டக்டர் இறங்கி வந்து, "டாக்டரம்மா பூட்டாங்கபா" என்றார். இறந்தது எந்த டாக்டரம்மா என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கத்துக்கு ரங்கநாயகி அம்மாள் ஒருவர்தான். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் உங்களில் யாராவது உண்டா?

என் அண்ணனுக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு மூச்சு வாங்கியது. இதயம், கிட்னி இரண்டுமே கெட்டிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். "ரெண்டும் ஒரே வீட்டு ஓரகத்திங்க மாதிரி. ஒருத்திக்கு ஒத்துக்கிறது இன்னொருத்திக்கு ஒத்துக்காது. நோய் முழுசா போகாது. சாப்பாட்டுல சொன்னபடி இருந்தா பொண்ணு கல்யாணத்தைப் பார்க்கலாம்" என்றார். பூசி மெழுகத் தெரியாதவர். உப்பு கூடாது, பருப்பும் கறியும் கொஞ்சம்தான், தண்ணீர்கூட அவர் சொன்ன அளவுதான்.

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டார்கள். அண்ணன் தலைமாட்டில் இளநீர் குவிந்தது. கெட்டுப்போன கிட்னிக்கு அது ஆகாது, நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டாக்டரம்மா சொன்னால் யார் நம்புகிறார்கள்? இளநீர் குளிர்ச்சியாயிற்றே! "எனக்குச் சீவுங்க, வெயில்ல வந்திருக்கேன்" என்று அவரே வாங்கிக் குடித்தார். மீதியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கொண்டுவந்தவர்களுக்கும் மனம் கோணவில்லை.

அப்படியும் வீக்கம் வடியவில்லை. அண்ணி யாருக்கும் தெரியாமல் உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கேட்டதும் அழுதுவிட்டார்.

"பிண்டத்துக்குத்தாம்மா உப்பில்லாம வடிப்பாங்க. உசுரோட கீற மனுசனுக்கு அத்த எப்டிம்மா போடுவேன்?"

அத்தனை கோபக்காரர், ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஓர் இலை போடும்மா. அதே சோறு" என்றார். உப்பில்லாத கத்தரிக்காய்க் கறியில் எலுமிச்சை பிழிந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "பாரு, நானும் உசுரோடதான கீறேன்?" என்றார். அவர் வாயில் எங்கள் பேச்சைக் கேட்டதும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு உப்பு நின்றது. வீக்கமும் வடிந்தது. அண்ணன் தன் கையால் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

சில வருஷங்களில் நோய் மறுபடி முற்றி, அண்ணன் படுத்த படுக்கையானார். டாக்டரம்மா வந்து நாடி பார்த்தார். அண்ணியைத் தனியே அழைத்து, "இன்னைக்கு அவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் செஞ்சு குடும்மா" என்றார். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

அண்ணன் ஒரு வாய் வாங்கினார். முகம் சுளித்தார்.

"இன்னாமே இப்டி கரிக்குது? என் சோத்தயே போடு."

டாக்டரம்மா சட்டென்று எழுந்து கொல்லைப்புறம் போனார். பின்னாலேயே போனேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இவ்வளவு சொன்னபடி கேட்டவரை என்னால காப்பாத்த முடியலியே" என்றார்.

அவரால் பிழைத்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். அவர்கள் டாக்டரம்மாவின் கைராசியைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் பிழைக்க வைக்க முடியாமல் போனவர் ஒருவர். அவருக்காக எங்களோடு அழுதாரே, நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அழுகையைத்தான்.