ஓட்டிப்பாரு டீச்சர்

எங்கள் பள்ளியில் கணினி அறிவியலைப் பாடமாகக் கொண்டுவந்தபோது அதை நடத்த முன்வந்தவர் கணக்கு டீச்சர் ஒருவர்தான். விலங்கியல் எடுக்கும் நான், எனக்குத் தவளையே போதும் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

விளையாட்டுச் சாமான் அறையைக் காலி செய்து கணினிகளை வைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோல் அளவெடுத்து, அவற்றுக்கு உறை தைத்துப் போட்டார் தலைமையாசிரியர். உறையைக் கழற்ற அவரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். டீச்சர் முதல் நாளே அத்தனை உறைகளையும் உருவி அலமாரியில் திணித்துப் பூட்டினார். "இது சரியா வருமா டீச்சர்?" என்று எந்தப் பிள்ளை தன் புரோகிராமைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "என்னை ஏன் கேக்குற? ஓட்டிப் பாரு." பிள்ளைகள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

பாடத்துக்கு ஓராண்டு அனுமதிதான் இருந்தது. ஆண்டு முடிவில் கல்விக் குழு வந்து பார்த்துச் சரி என்றால் நிலைக்கும், இல்லையென்றால் அத்தோடு முழுக்கு. தலைமையாசிரியருக்கு உதறல் எடுத்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு புரோகிராமை மனப்பாடம் செய்து, குழுவின் முன் எழுத்து மாறாமல் தட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"கிளிப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு சார்?" என்றார் டீச்சர்.

"உங்க வீம்பால பாடமே போயிடும்மா."

"அப்படி ஏமாத்தித்தான் நிக்கணும்னா போகட்டும் சார்."

குழு வந்தது. டீச்சர் நேராக அதன் தலைவரிடம், "நீங்களே ஒரு கணக்கு குடுங்க சார்" என்றார். வகுப்பில் யார் அதிக உயரம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார் தலைவர். இருப்பதிலேயே குள்ளமான பெண் எழுந்து வந்து, ஒரு புரோகிராம் எழுதி, எல்லோருடைய உயரத்தையும் கேட்டுத் தட்டினாள். திரையில் அவளுடைய உயரமே வந்து நின்றது.

தலைமையாசிரியர் நைசாக மின்சார சுவிட்சை நோக்கி நகர்ந்தார். டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"அதுல கை வைக்காதீங்க சார். அவ பாத்துக்குவா."

அந்தப் பெண் வரிவரியாக விரலை ஓட்டினாள். பெரியது என்ற குறிக்குப் பதிலாகச் சிறியது என்ற குறியைப் போட்டிருந்தாள். மாற்றியதும் சரியான விடை வந்தது.

"மத்த பள்ளிக்கூடத்துல ஒரு தப்பும் வரலையே?" என்றார் தலைவர்.

"அங்க யாரும் யோசிக்கல சார். அதான் வரல."

பாடத்துக்கு அனுமதி கிடைத்தது. கூடவே, கொஞ்சம் அடக்கமான ஆசிரியரைப் போடும்படி ஒரு யோசனையும் வந்தது. டீச்சரை ஆறாம் வகுப்புக் கணக்குக்குத் தள்ளினார்கள். இது அநியாயம் என்று நான் குதித்தேன். அவரோ, "பாடம் நிலைச்சிடுச்சுல்ல, விடுங்க" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதிய ஆசிரியர் முதல் வகுப்பிலேயே பலகையில் ஒரு புரோகிராமை எழுதி, அடியில் விடையையும் எழுதி, பார்த்து எழுதச் சொன்னார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நான் நின்றேன். குள்ளமான பெண் எழுந்தாள்.

"விடையை அழிச்சிடுங்க சார். என்ன வருதுன்னு பாத்துட்டு நாங்களே எழுதிக்கிறோம்."

மற்ற பிள்ளைகள் எல்லோரும் பேனாவை மூடிவைத்திருந்தார்கள்.