மூன்று டன் என்று எழுதிய டிப்பர்

பட்டறை திறந்த அன்றே ஜாபிர் தன் மனைவி ஷிஃபாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்: இனி துபாய்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அங்கே மணல் லாரிகளின் ஹைட்ராலிக்கைப் பழுது பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஷிஃபா நம்பினாள். ஆனாலும் பாஸ்போர்ட்டை பீரோவில் கைக்கு எட்டும் தட்டிலேயே வைத்திருந்தாள்.

மன்னார்குடி சாலையோரப் பட்டறைக்குக் கேட் பற்றவைக்கும் வேலைதான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் இனியவன் என்கிற விவசாயி வந்து, தன் டிராக்டருக்கு நெல் ஏற்றும் டிப்பர் ஒன்று செய்யச் சொன்னார். அது பேர் வாங்கினால் பட்டறை நிலைக்கும். இல்லாவிட்டால் விமானம்தான்.

ஜாபிர் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். நெல் மூன்று டன், தொட்டி ஒரு டன். தொட்டியைத் தூக்கும் சிலிண்டர் அடியில் நிமிர்ந்து நின்று தள்ளினால் நாலு டன் விசை போதும். அதுவோ சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. படுத்தபடி தள்ள முதலில் ஏழு டன் வேண்டும். தொட்டி எழ எழத் தேவை குறையும். அவருடைய மச்சானைக் காலையில் எழுப்புவது போலத்தான், முதல் சாண்தான் பெரும்பாடு.

வேறு ஊராக இருந்தால் கணக்கு அத்தோடு முடிந்திருக்கும். இங்கே தொட்டி என்று ஒன்றிருந்தால் அதன்மேல் பலகை கட்டாமல் விடமாட்டார்கள். பலகைக்கு மேல் மூட்டை, மூட்டைக்கு மேல் சித்தப்பா. ஆகவே ஜாபிர் ஆறு டன் நெல்லுக்கு ஏற்ற சிலிண்டரையும், தொட்டி சாயும் கீலையும் போட்டுவிட்டு, பக்கவாட்டில் ‘மூன்று டன்’ என்று பெரிதாக எழுதினார். சூட்சுமத்தை ஷிஃபாவிடம் மட்டும் சொன்னார்.

ஷிஃபா பெருமை தாங்காமல் இனியவனின் மனைவி வானதியிடம் சொன்னாள். “அவங்க எழுதுறதுதான் மூணு. தாங்குறது ஆறுங்க.”

அவள் சொல்லக் கேட்ட இனியவன், மூணுக்குள் ஆறை ஒளித்தவர் ஆறுக்குள்ளும் கொஞ்சம் ஒளித்துத்தான் வைத்திருப்பார் என்று நினைத்தார். குறுவை அறுப்பு நடந்தது. வானமும் கறுத்துக் கிடந்தது. பலகை கட்டி, ஈர நெல்லை ஒன்பது டன்னுக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் களத்துக்கு வந்துவிட்டார். முதல் லோடு என்பதால் ஜாபிரும் வந்திருந்தார்.

லீவரைத் தள்ளினார்கள். இன்ஜின் முக்கியது. தொட்டி அசையவில்லை. பாரம் மீறியதும் ரிலீஃப் வால்வு எண்ணெயைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. களமே திரும்பிப் பார்த்தது.

“பாய், அந்த வால்வுத் திருகை ஒரு சுத்து முறுக்குங்க. மழை வந்துரும்!” என்று கத்தினார் இனியவன்.

முறுக்கினால் எண்ணெய் திரும்பாமல் அழுத்தம் கூடித் தொட்டி எழும். கீல் தாங்குமா என்பது வேறு கேள்வி. கீல் விட்டால் பாரம் சரியும் இடத்தில், பின்பலகைக்கு நேர் பின்னால், சிந்தும் நெல்லைக் கூட்ட வெளக்குமாற்றோடு ராமாயி நின்றிருந்தார். ஜாபிர் ஸ்பேனரைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“முறுக்க முடியாதுங்க. பாதியை எறக்குங்க.”

“பாய் வண்டி தூக்காதுன்னு சொல்லுங்க!” என்று எவரோ சொல்ல, களம் சிரித்தது. பாதியைக் கூடையால் இறக்கிய பிறகு தொட்டி அலுங்காமல் எழுந்தது. அதைப் பார்க்க ஆளில்லை. மழை வருமுன் எல்லோரும் தார்ப்பாய் தேடி ஓடிவிட்டார்கள். ஜாபிருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் பட்டறை வாசலில் விவசாயிகள் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

“ஒன்பது டன் ஏத்தியும் அந்தக் கீல் ஆடவே இல்லியாமே பாய்!”

“தூக்கவே இல்லீங்க. அப்புறம் எப்படி ஆடும்?”

“எவ்வளவு அடக்கமாப் பேசுறாரு பாருங்க,” என்றார் ஒருவர். “எங்களுக்கும் அதே மாதிரி செஞ்சு குடுங்க.”

“மூணு டன்தாங்க தாங்கும்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “சரிங்க பாய். எங்களுக்கும் அந்த மூணு டன்தான் வேணும்.”

ஷிஃபா பாஸ்போர்ட்டைப் பரண்மேல் போட்டாள். ஊரில் இருந்துவிடலாம் என்றானதும் ஜாபிருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கண்ணை மூடினால் வெளக்குமாற்றோடு ராமாயி நின்றார். தரைக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு வண்டியிலும், யாரும் முறுக்க முடியாதபடி வால்வுத் திருகின் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார். அதை மட்டும் ஷிஃபாவிடம் சொல்லவில்லை.