சுருக்கம் இல்லாத கதவு

பத்து வயதில், என்னால் முடியாத வேலை என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. நாங்கள் நாடு விட்டு வந்து குடியேறிய பக்குரங்காவில், எங்கள் வீட்டு கராஜுக்குள் அப்பா ஒரு பழைய பிரிட்டிஷ் காரைக் கொண்டுவந்து விட்டபோதும், அதைத் திருத்தப்போகும் இருவரில் கெட்டிக்காரி நான்தான் என்றே நம்பினேன்.

கார் வாங்கப்போவதை அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. மழைக்காலம் வேறு. கராஜில் உடுப்புக் காயப்போடும் ராக் வரவேற்பறைக்கு வந்துவிட்டது; வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் காலுறைகளை விலக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அம்மா சண்டை பிடிக்கவில்லை. அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு", "கராஜ் பூட்டின்ர திறப்பு எங்க எண்டு அம்மாட்டக் கேள்" என்று பதினொரு நாள் இருவருக்கும் நடுவில் நான் ஓடினேன். அதையும் திறமையாகவே செய்தேன்.

காரின் கதவுகளை உட்புறம் மூடியிருந்த பலகைகள் ஈரம் குடித்து, தேநீரில் தோய்த்த பிஸ்கட் போல உதிர்ந்தன. அப்பா அவற்றை அளவாக வைத்துப் புதிய ஹார்ட்போர்ட் வெட்டினார். அதன்மேல் மெல்லிய ஸ்பொஞ் ஒட்டி, தோல் போன்ற சிவப்பு வைனிலை விரித்து, ஓரங்களை இறுக்கி இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை, முதல் கதவுக்கு நான் முழங்காலை ஊன்றி இழுத்தேன், அப்பா அடித்தார். திருப்பிப் பார்த்தால் கண்ணாடி போல இருந்தது.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சுருக்கம் விழுந்திட்டுது பிள்ளை. உன்ர கைப்பலம் காணாது. போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

எங்கே சுருக்கம் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். தமிழில் கோபப்பட எனக்கு அப்போது சொற்கள் போதாது.

அம்மா ஈஸ்ட் டாமாக்கியில் சோபா செய்யும் தொழிற்சாலையில் இதே வேலையைத்தான் நாள் முழுக்கச் செய்பவர். அழாத குறையாக நான் சொன்னதைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பலகையை வாங்கி உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு நேராக அப்பாவைப் பார்த்தார்.

"எங்க சுருக்கம்?"

"வடிவாப் பாருமன். இருக்கு."

அம்மா இன்னொரு முறை தடவினார். இந்த முறை மெதுவாக.

"ஓம், இருக்குத்தான்" என்றார். அடுத்த வைனிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "ம், அடியுங்கோ" என்றார்.

மிச்ச மூன்று கதவுகளையும் அவர்களே முடித்தார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கார் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வெளியே அவர்கள் விடாமல் கதைத்தார்கள். ஒருமுறை சேர்ந்து சிரிக்கவும் செய்தார்கள். நல்ல வேலையைப் பார்த்தால் தெரியாத இரண்டு பெரியவர்களிடம் அகப்பட்டுக்கொண்டேனே என்று உள்ளே பொருமினேன்.

மறுநாள் அப்பாவிடம், நீங்கள் இருவரும் கட்டாயம் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, போகத்தான் வேணும்" என்றார் அப்பா, கொஞ்சமும் சிரிக்காமல்.