மடைக்குள் கிடந்தவன்

தண்ணீர் இல்லாத ஊரில் முக்குளித்துப் பிழைக்கிற ஆள் என் அண்ணன் சோணை. மதுரையில் வைகைக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இவன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். பத்தாவது முடித்ததும் வீட்டில் சொல்லாமல் அந்தமானுக்குப் போய் ஒரு சுற்றுலாப் படகில் சேர்ந்தான். வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிற வேலை. அங்கே கடலிலேயே முதலை உண்டாம். இருந்த காலம் முழுக்க ஒன்றைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்தவன் கையில் ரெண்டு சிலிண்டரும் காற்றடிக்கிற ஒரு பழைய மிஷினும்தான் இருந்தன.

கோரிப்பாளையத்தில் வாடகை வீடு. அந்த மிஷின் ஓடினால் தெருவே சண்டைக்கு வரும். கொரோனா சமயத்தில் அதே தெரு ஆக்சிஜன் கேட்டு அவன் வாசலில் வந்து நின்றது. "இது வெறுங்காத்து பாய், நம்ம சுவாசிக்கிற காத்துதான்" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய் அழுதான் என்று மதினி பாண்டிமீனா சொன்னாள்.

கிணற்றில் விழுந்த மோட்டார், செயின், செல்போன் எல்லாம் எடுப்பான். ஆனால் அதிகம் எடுத்தது பிணம்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்தால் சோற்றுக்கையை உதறிவிட்டு எழுந்துவிடுவான். வேறு வேலை பார்க்கச் சொல்லி மதினி திட்டாத நாளில்லை. "நான் போகலேன்னா வேற யாரு போவா?" என்பான். அவன் அந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு கிடப்பது இப்படித்தான்.

தண்ணீருக்குள் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டுவான். மறுமுனையை ஆம்பளைகளிடம் கொடுக்கமாட்டான். "வேடிக்க பாக்கப் போயிருவாய்ங்க" என்பான். அலங்காநல்லூர்ப் பக்கம் வேலை என்றால் கயிறு என் கைக்கு வரும்; நான் அந்தப் பக்கம் ஒரு ஊரில் வாக்கப்பட்டவள். ஒரு சுண்டு சுண்டினால் 'நல்லா இருக்கியா' என்று கேட்பது. பதிலுக்கு ஒரு சுண்டு வந்தால் 'இருக்கேன்'. விடாமல் சுண்டினால் ஆள் மேலே வரவேண்டும். அவ்வளவுதான் எங்கள் பாஷை.

போன மழையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பியது. மடையைத் திறக்கப் போனால் ஷட்டர் ஏறவில்லை, அடியில் எதுவோ சிக்கியிருந்தது. மடை என்பது கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இருக்கும் சிமெண்ட் தொட்டி. மூன்று பக்கம் சுவர், தலைக்கு மேல் பலகைக்கல். கண்மாயைப் பார்த்த ஒரு பக்கம்தான் வாசல். உள்ளே போனவன் அதே வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அண்ணனைக் கூப்பிட்டார்கள். மடை திறக்கிற அன்றைக்குச் சாமி கும்பிட்டுக் கொட்டடிப்பது எங்கள் ஊர் வழக்கம். மடை திறக்குமா என்றே தெரியாது. ஆனாலும் கொட்டுக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஊரே கரையில் நின்றது.

கண்மாய்ப் பக்கம் மேய்ந்த ஆடு ஒன்று காணாமல் போனதையும், முதலை கிடக்கிறது என்று யாரோ சொன்னதையும் நான் அண்ணன் காதில் போட்டேன். "வைகையில மணலையே காணோம், முதல எங்கிட்டுருந்து வரும்? உடும்பப் பாத்திருப்பாய்ங்க" என்று சிரித்துவிட்டு இறங்கினான். பலகைக்கல்லில் ஷட்டர் கம்பி போகிற ஓட்டை வழியாக அவன் மூச்சு குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கரையின் தூரத்து வளைவில் கூச்சல் கேட்டது. நிஜமாகவே முதலை. சேற்றுச் சரிவில் வெயில் காய்ந்துகொண்டு தன் பாட்டுக்குக் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு மிருகத்தைக் கண்டால் சும்மா நிற்க வராது. என் கொழுந்தன் முறை அழகுபாண்டி, வாடிவாசலில் பேர் எடுத்த மாடுபிடிக்காரன், துண்டை உதறிக்கொண்டு முன்னால் ஓடினான். விசில் பறந்தது, கல் பறந்தது, கொட்டும் சேர்ந்துகொண்டது. காளை மிரண்டால் ஓடிவிடும். முதலை மிரண்டால் தண்ணீருக்குள்தான் போகும் என்று அந்த மடையர்களில் ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை.

அது சறுக்கி இறங்கியது. தண்ணீரில் ஒரு கோடு கரையோரமாகவே மடையை நோக்கி வந்தது. மடைக்குப் பக்கத்தில் வந்ததும் கோடு நின்றுபோயிற்று.

உள்ளே நடந்ததைப் பிறகு அண்ணன் சொன்னான். ஷட்டருக்கு அடியில் சிக்கியிருந்த கருவேல மரத்துண்டை அசைத்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால் திடீரென்று இருட்டியிருக்கிறது. திரும்பி டார்ச்சைக் காட்டினால் கலங்கல் தண்ணீரில் பல் பல்லாக ஏதோ குறுக்கே தெரிந்தது. பனைமட்டை வந்து அடைத்துக்கொண்டது என்று நினைத்து, இழுத்துப்போடக் கையை நீட்டியிருக்கிறான். மட்டை தானாக ஒருமுறை நெளிந்து அடங்கியது. அது வால். வாசலை அடைத்துக்கொண்டு முழு முதலையும் படுத்திருந்தது.

டார்ச்சை அணைத்தான். கயிற்றை ஷட்டர் கம்பியில் இறுகச் சுற்றினான். மேலேயிருந்து எவனாவது இழுத்தால் இவன் நேராக அதன் மேல்தான் போய் விழுவான். பிறகு கயிற்றில் ஒரு கையை வைத்தபடி தொட்டியின் மூலையில் குப்புறப் படுத்து, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். "பொண்டாட்டி ஞாபகம், சாமி ஞாபகம் ஒண்ணும் வரல செல்வி. மேல கொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இவய்ங்க நிப்பாட்ட மாட்டாய்ங்களான்னுதான் இருந்துச்சு" என்றான்.

கயிறு கல்லில் கட்டியதுபோல் விறைத்ததும் கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது. "கவ்விருச்சு! இழுங்கடா!" என்று கத்தினார்கள். நான் ஒரு சுண்டு சுண்டினேன். பதிலுக்கு ஒரு சுண்டு வந்தது. என் உயிர் திரும்பி வந்தது. ஆள் இருக்கிறான். ஆனால் இழுக்கச் சொல்லவில்லை. கயிறும் நகரவில்லை. அது வாசலில் கிடக்கிறது, இவன் உள்ளே கிடக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்? நாலைந்து கைகள் கயிற்றைப் பிடித்துவிட்டன. நான் மிச்சக் கயிற்றை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"எவனாச்சும் இழுத்தா நானும் உள்ள விழுவேன். இழுங்கடா பாப்போம்!"

கைகள் விலகின. சத்தம் மட்டும் நிற்கவில்லை. முதலையை விரட்டுகிறார்களாம். குமிழிகள் முன்னைவிட மெதுவாக வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. நிறைய இல்லை என்று மட்டும் தெரியும்.

அழகுபாண்டி கல்லோடு வந்து நின்றான். அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏண்டா, மாட்டு முன்னாடி விழுந்துட்டா என்ன செய்வ?"

"குப்புறக் கெடப்பேன் மதினி. அசையமாட்டேன். அது பாட்டுக்குத் தாண்டிப் போயிரும்."

"சுத்தி நின்னு கத்துனா?"

"கத்துனா போகாது. திரும்பி வந்து குத்தும்."

"எங்கண்ணன் கீழ அப்பிடித்தான் கெடக்கான். நீங்க இம்புட்டுப் பேரும் கத்துனா அது எங்கிட்டுடா போகும்?"

அவன் முகம் செத்துப்போயிற்று. கல்லைக் கீழே வைத்தான். கொட்டுக்காரரிடம் ஓடி அவர் கையைப் பிடித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டி, தானே முதலில் தரையில் உட்கார்ந்தான். அவன் சொன்னால் எங்கள் ஊர்ப் பயல்கள் கேட்பார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அழுத பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். ஜல்லிக்கட்டு ஊரில் அத்தனை பேர் கூடி இருந்தும் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அதை நான் அதுவரை கண்டதில்லை.

காத்திருந்தோம். குமிழி வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு வரவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். மறுபடி ஒரு குமிழி, சின்னதாக.

அப்போதுதான் மடைக்கு முன்னால் தண்ணீர் லேசாகப் புடைத்து, இரண்டு கண்ணும் மூக்கும் மேலே வந்தன. எங்களைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. அது அவசரமே இல்லாமல் கண்மாயின் நடுவைப் பார்த்து நீந்தியது. நடுவுக்குப் போகும்வரை பொறுத்தேன். பிறகு கயிற்றை விடாமல் சுண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுண்டினேன். கயிறு தளர்ந்தது.

அண்ணன் கரைக்கல்லைப் பிடித்துத் தொற்றி ஏறினான். உதடு நீலம் பூத்திருந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன், கரை நெடுகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்தான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முதலை இன்னும் கண்ணில் தெரிந்தது. அவன் தொழிலில் ஒரு கரை இப்படி வாயடைத்துப்போவது ஒரே ஒரு சமயத்தில்தான். இரண்டு கையிலும் யாரையாவது தூக்கிக்கொண்டு அவன் மேலே வரும்போது. அவன் தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"யாருத்தா செத்துப்போனது?"

"யாரும் சாகலண்ணே" என்றேன். "இவுக அம்புட்டுப் பேரும் உனக்காகத்தான் ஒக்காந்திருக்காக."